தக்கவைத்த லாபம்: முதலீட்டாளர்கள் சறுக்கும் இடங்கள்

நிறுவனத்தின் சொத்தையும் கடனையும் காட்டும் பேலன்ஸ் ஷீட்டில் தக்கவைத்த லாபம் என்ற வரியைப் போல அவசரமாகப் படிக்கப்படும் வரி வேறு இல்லை. பெரிய தொகையாக இருந்தால் நல்ல கம்பெனி, மைனஸில் இருந்தால் ஓடிவிடு என்று ஒரே பார்வையில் முடிவெடுத்துவிடுகிறோம். கணக்கு என்னவோ எளிதுதான். போன ஆண்டு வரை சேர்ந்திருந்த தொகையோடு இந்த ஆண்டின் நிகர லாபத்தைக் கூட்டி, பங்குதாரர்களுக்கு லாபப் பங்காகக் கொடுத்த டிவிடெண்டைக் கழித்தால் வருவது அது. ஆனால் நமக்குச் சேர வேண்டிய லாபத்தைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு நிர்வாகம் என்ன செய்தது என்பதை அந்தத் தொகை மட்டும் சொல்லிவிடாது. அதை நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

முதல் தவறு, இதைக் கையிருப்புப் பணம் என்று நினைப்பது. ‘2,000 கோடி தக்கவைத்த லாபம் இருக்கிறதே, டிவிடெண்ட் கொடுக்க என்ன தயக்கம்?’ என்று கேட்பவர்கள் நிறைய. அந்த 2,000 கோடி தனியாக எங்கேயும் பெட்டியில் இல்லை. இயந்திரமாக, கட்டடமாக, கிடங்கில் தேங்கிய சரக்காக, வாடிக்கையாளர்கள் இன்னும் கட்டாத பாக்கியாக எப்போதோ உருமாறியிருக்கும். ரொக்கம் என்ற வரியைப் பார்த்தால் அங்கே வெறும் 40 கோடிதான் இருக்கலாம். கடனுக்கு விற்றதும் லாபத்தில் சேர்ந்துவிடுவதால், லாபம் ஏறிக்கொண்டே போகும் நிறுவனம்கூடச் சம்பளம் போடத் திணறுவது உண்டு. அதனால் ரொக்கம் வந்ததையும் போனதையும் காட்டும் கேஷ் ஃப்ளோ ஸ்டேட்மென்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் இந்த வரியைப் படிக்காதீர்கள்.

இதைவிட அதிக நஷ்டம் தரும் தவறு ஒன்று இருக்கிறது. தொகை வளர்வதையே திறமை என்று எடுத்துக்கொள்வது. லாபம் ஈட்டி, டிவிடெண்டைக் குறைத்துக் கொடுத்தாலே போதும், இந்தத் தொகை தானாக வளரும். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். இரண்டு நிறுவனங்கள், இரண்டுக்கும் ஆண்டு லாபம் 100 கோடி. அடுத்த ஐந்து ஆண்டுகளில் இரண்டுமே மொத்தம் 500 கோடியைத் தக்கவைத்துக்கொள்கின்றன. ஐந்தாம் ஆண்டு முடிவில் ஒன்றின் லாபம் 175 கோடி, இன்னொன்றின் லாபம் 110 கோடி. முதல் நிறுவனம் தக்கவைத்த 500 கோடி, ஆண்டுக்கு 75 கோடி கூடுதல் லாபம் தருகிறது, அதாவது 15 சதவீதம். இரண்டாவதில் வெறும் 2 சதவீதம். பேலன்ஸ் ஷீட்டில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். இரண்டாவது நிறுவனம் அந்தப் பணத்தை நம்மிடமே கொடுத்திருக்கலாம்.

இது தோராயமான கணக்குதான். லாபம் கூடியதற்கு விலைவாசியோ புதிதாக வாங்கிய கடனோ காரணமாக இருக்கலாம். ஒரே ஒரு ஆண்டை வைத்துப் போட்டால் தப்பான பதிலே வரும், குறைந்தது ஐந்து ஆண்டாவது வேண்டும். பெர்க்‌ஷயர் ஹாத்தவே என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்தின் வாரன் பஃபெட் 1983-ஆம் ஆண்டுக்கான பங்குதாரர் கடிதத்தில், தக்கவைக்கும் ஒவ்வொரு டாலரும் காலப்போக்கில் பங்குதாரர்களுக்குக் குறைந்தது ஒரு டாலர் சந்தை மதிப்பையாவது உருவாக்க வேண்டும் என்று தன் நிறுவனத்துக்கே அளவுகோல் வைத்தார். நாம் பங்கு வாங்கும் நிறுவனத்திடமும் அதே கேள்வியைக் கேட்கலாம்.

சரி, மைனஸில் இருந்தால்? காரணத்தைப் பார்க்காமல் ஒதுக்குவதும் தவறுதான். அமேசான் 2003-இல்தான் முதன்முதலாக ஒரு முழு ஆண்டு லாபம் காட்டியது. அப்போது அதன் கணக்கில் சுமார் 300 கோடி டாலர் திரண்ட நஷ்டம் கிடந்தது. அது தொடக்க ஆண்டுகளின் உண்மையான நஷ்டம். ஆப்பிளின் கதையே வேறு. 2022 நிதியாண்டில் 9,980 கோடி டாலர் லாபம் பார்த்தும், ஆண்டு முடிவில் அதன் தக்கவைத்த லாபம் மைனஸ் 307 கோடி டாலர். அந்த ஆண்டில் மட்டும் சுமார் 9,000 கோடி டாலருக்குத் தன் பங்குகளையே திரும்ப வாங்கி, அந்தச் செலவை இந்த வரியிலேயே கழித்தது. மெக்டொனால்ட்ஸும் பங்குகளைத் திரும்ப வாங்குகிறது, ஆனால் அந்தத் தொகையைத் தனி வரியில் காட்டுகிறது. அதனால் 2022 முடிவில் அதன் தக்கவைத்த லாபம் 6,000 கோடி டாலரை நெருங்கியிருக்க, மொத்தப் பங்குதாரர் நிதியோ (சொத்தில் கடனைக் கழித்த மிச்சம்) மைனஸில் இருந்தது. செய்தது ஒரே காரியம், எழுதிய விதம் வேறு. ஆகவே இரண்டு நிறுவனங்களை ஒப்பிடும்போது இந்த ஒரு வரியை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள்.

பணம் வாங்காமல் பங்குதாரர்களுக்குப் போனஸ் பங்கு கொடுக்கும்போதும் தக்கவைத்த லாபம் குறையலாம். அதில் பதற ஒன்றுமில்லை, தொகை பங்கு மூலதனத்துக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். ஒரு ரூபாய்கூட வெளியே போவதில்லை.

அப்புறம், லாப நஷ்டக் கணக்கைத் தொடாமலே இந்த வரியை மாற்றும் பதிவுகள் உண்டு. பழைய ஆண்டுகளில் நடந்த கணக்குப் பிழையைத் திருத்தும்போதும், சில கணக்கியல் விதிகள் மாறும்போதும், ஆண்டின் தொடக்க இருப்பையே திருத்திவிடுவார்கள். போன ஆண்டு அறிக்கையின் முடிவுத் தொகையும் இந்த ஆண்டு அறிக்கையின் தொடக்கத் தொகையும் ஒத்துப்போகவில்லை என்றால், பங்குதாரர் நிதி மாற்ற அறிக்கையையும் அதற்கான குறிப்பையும் தேடிப் படியுங்கள். திருத்தம் எத்தனை ஆண்டு லாபத்தைத் தின்றிருக்கிறது என்பது அங்கேதான் தெரியும்.