போனை நிமிர்த்திப் பிடிப்பதா, படுக்கைவாக்கிலா? படம் எடுக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

மாமாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு மண்டபத்தில் பெரிய எல்.இ.டி. திரை வைத்திருந்தார்கள். சொந்தக்காரர்களிடம் படங்களை வாட்ஸ்அப்பில் வாங்கி, வரிசையாக ஓடவிடும் வேலை என் தலையில் விழுந்தது. நூற்றுச் சொச்சம் படங்கள் சேர்ந்தன. ஓடவிட்டால், இருபது வருடத்துக்கு முந்தைய ஆல்பத்துப் படங்கள் ஏறக்குறையத் திரை நிறைய வருகின்றன. போன வருடம் போனில் எடுத்தவை நடுவில் ஒரு பட்டையாக நிற்கின்றன. இரண்டு பக்கமும் கறுப்பு. பெரியம்மா எழுந்து வந்து, "என்னடா இது, கதவிடுக்கு வழியாப் பாக்கிற மாதிரி இருக்கு?" என்றார்.

கணக்குப் போட்டால் அவர் சொன்னது சரிதான். போன் கேமராவில் ஒளியைப் பதிவு செய்யும் சென்சார் பெரும்பாலும் 4:3 அளவில், அதாவது அகலம் நாலு பங்கு, உயரம் மூன்று பங்கு என்று இருக்கும். நிமிர்த்திப் பிடித்தால் படம் 3:4 ஆகிறது. டிவியும் கம்ப்யூட்டர் திரையும் பொதுவாக 16:9. அதில் நிமிர்ந்த படத்தைப் போட்டால் திரையில் 42 சதவீத இடத்தைத்தான் அது நிரப்பும். ரீல்ஸுக்கு எடுக்கிற 9:16 வீடியோ என்றால் மூன்றில் ஒரு பங்குகூட வராது. இதையே திருப்பிப் பாருங்கள். படுக்கைவாக்கில் எடுத்த 16:9 வீடியோவை, கையில் நிமிர்ந்து நிற்கும் போனில் ஒருவர் பார்த்தாலும் அதே மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவுதான். ஆகவே நிமிர்ந்த படமே கூடாது என்று கண்டிக்கும் கட்சியில் நான் இல்லை. எங்கே பார்க்கப்போகிறார்கள் என்று ஒரு நொடி யோசிக்காமல், கை போன போக்கில் எடுத்துவிடுகிறோம். வினை அங்கேதான் தொடங்குகிறது.

இதைச் சோம்பேறித்தனம் என்றும் சொல்ல மாட்டேன். பழைய பிலிம் கேமராவைக் கையில் எடுத்தாலே அது படுக்கைவாக்கில்தான் உட்காரும். 36 மில்லிமீட்டர் அகலம், 24 மில்லிமீட்டர் உயரம் என்று பிலிமில் ஒவ்வொரு படமும் குறுக்காக விழும். நிமிர்த்தி எடுக்க வேண்டுமானால் மெனக்கெட்டுத் திருப்ப வேண்டும். அதனால் எங்கள் வீட்டு ஆல்பத்தில் ஒற்றை ஆள் நிற்கும் படங்களில் பாதி இடம் காலி நாற்காலிகளுக்கும் யாரோ ஒருவரின் முழங்கைக்கும் போயிருக்கிறது. போன் வந்ததும் பழக்கம் தலைகீழானது. அன்றும் இன்றும் கருவிதான் முடிவு செய்கிறது, நாம் இல்லை.

"எப்படியோ எடு, அப்புறம் வெட்டிக்கலாம்" என்பதுதான் இதில் பெரிய தவறு. படுக்கைவாக்கில் எடுத்த 12 மெகாபிக்சல் படம் 4032 க்கு 3024 புள்ளிகள். அதை ஸ்டேட்டஸுக்காக 9:16 ஆக வெட்டினால் சுமார் 5 மெகாபிக்சல் மிஞ்சும். படத்தில் பாதிக்கு மேல் குப்பைக்குப் போய்விட்டது. நிமிர்ந்த படத்தை டிவிக்காக 16:9 ஆக வெட்டினாலும் அதே நஷ்டம். புள்ளிகள் போவதுகூடப் பரவாயில்லை. நிமிர்ந்த படத்தில் இடப்பக்கம் நின்ற தாத்தா சட்டத்துக்குள் வரவே இல்லையென்றால், எந்த ஆப் அவரைக் கூட்டி வரும்? இன்னொன்றும் உண்டு. படம் எடுக்கும்போதே செட்டிங்கில் 16:9 என்று வைத்துக்கொண்டு, அகலம் கூடுதலாகக் கிடைக்கிறது என்று நினைப்பவர்கள் நிறைய. கிடைப்பதில்லை. பெரும்பாலான போன்களில் அது 4:3 படத்தின் மேலும் கீழும் நறுக்கி, கால்வாசியை எறிந்துவிட்டு மீதியைக் கொடுக்கிறது. 4:3 இல் எடுத்து, தேவைப்பட்டால் நீங்களே நறுக்குவது மேல்.

சரி, எதைப் பார்த்து முடிவு செய்வது? திருவாரூர் ஆழித் தேரை எடுத்துக்கொள்ளுங்கள். அலங்கரித்து நிறுத்தினால் சுமார் 96 அடி உயரம். எதிரே போய் நின்றால் கை தானாகவே போனை நிமிர்த்திவிடும். அது நியாயம்தான். கீழே சக்கரம், மேலே தொங்கும் தொம்பைகள், உச்சியில் கலசம் என எல்லாம் ஒரே கோட்டில் ஏறிப் போகின்றன. ஆனால் தேர் என்றால் உயரம் மட்டுமா? வடத்தைப் பிடித்து இழுக்கிற அத்தனை கைகளும் சேர்ந்தால்தானே அது நகர்கிறது! நிமிர்ந்த படத்தில் வடம் கீழ் விளிம்பில் அறுந்துபோய், தேர் தானாக நிற்பதுபோல் ஆகிவிடும். அங்கே தெருவோரம் தள்ளி நின்று போனைப் படுக்கவைக்க வேண்டும். ஒரு ஓரத்தில் சக்கரமும் தேரின் அடிப்பாகமும், மறு ஓரம் வரைக்கும் வடமும் ஜனமும். கலசம் வெட்டுப்படும்; படட்டும். தேர் போகிற பக்கம் இடம் விட்டு எடுங்கள், பின்னால் விட வேண்டாம். முன்பக்கத்தை அடைத்து எடுத்தால் தேர் படத்தின் விளிம்பில் முட்டிக்கொண்டு நிற்பதுபோல் தெரியும்.

இதில் ஒரு விலக்கும் உண்டு. வடம் உங்களை நோக்கி நேராக வருகிற இடத்தில் நின்றால், நிமிர்த்திப் பிடித்தே இரண்டையும் பிடித்துவிடலாம். கீழ் விளிம்பில் தொடங்கும் வடம் கண்ணை அப்படியே தேருக்கு இழுத்துக்கொண்டு போகும். உயரமானது என்றால் நிமிர்த்து, அகலமானது என்றால் படுக்கவை என்ற பாடம் பாதிதான் உதவும் என்பது இதனால்தான். பொருள் எந்தப் பக்கம் நீள்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்பது நீங்கள் நிற்கும் இடத்தைப் பொறுத்து மாறும்.

கோபுரங்களில் வேறு சிக்கல். சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று போனை அண்ணாந்து பிடிப்போம். கோபுரம் பின்னால் சாய்ந்து, மேலே போகப் போகச் சுருங்கிவிடும். சாயாமல் வேண்டுமானால் போனைச் சுவர்போல நேராகப் பிடிக்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் சுமார் 66 மீட்டர். பிலிம் கேமராக் கணக்கில் 26 மில்லிமீட்டர் குவியத்தூரத்துக்குச் சமமான ஒரு சாதாரண போன் லென்ஸ், படத்தின் நீளப் பக்கத்தில் சுமார் 67 டிகிரியும் குறுகிய பக்கத்தில் 53 டிகிரியும் பார்க்கும். போனைச் சாய்க்காமல் விமானம் முழுவதையும் பிடிக்க, நிமிர்த்தினால் ஏறக்குறைய 100 மீட்டர் பின்னால் போக வேண்டும். படுக்கவைத்தால் 130 மீட்டர். நிமிர்த்திப் பிடிப்பதில் 30 மீட்டர் லாபம். படத்தின் கீழ்ப்பாதி முழுக்கத் தரையாக வரும், அதை வெட்டிக்கொள்ளுங்கள். முன்னால் வெட்டாதே என்றவன் இப்போது வெட்டச் சொல்கிறேன். இந்த ஓர் இடத்தில் போவது வெறும் தரைதான். அவ்வளவு தூரம் பின்னால் போக இடமில்லையா? அப்போது முழுக் கோபுரத்தை மறந்துவிட்டு இரண்டு நிலைகளை மட்டும் நெருக்கமாக எடுங்கள்.

கூட்டமாக நிற்கும் படத்துக்கு வருவோம். கல்யாண மேடையில் பதினைந்து பேர் வரிசையாக நிற்கிறார்கள். எடுப்பவர் போனை நிமிர்த்திப் பிடித்தபடி பின்னாலேயே போகிறார், கடைசியில் சமையல்கட்டு வாசல்வரை. வந்த படத்தில் மேலே மேடை அலங்காரம், கீழே சிவப்புக் கம்பளம், நடுவில் முகமே தெரியாத ஒரு மனித வரிசை. போனை ஒரு திருப்புத் திருப்பியிருந்தால் முடிந்தது. திருப்பிய பிறகும் ஒரு பொறி இருக்கிறது. இடம் போதவில்லை என்று 0.5 என்கிற அகலக் காட்சி லென்ஸுக்குப் போனால், ஓரத்தில் நிற்பவர்களை அது இழுத்துவிடும். ஒல்லியான அத்தைகூட அதில் பருத்துத் தெரிவார், அப்புறம் உங்களோடு பேச மாட்டார். இரண்டு வரிசையாக நிற்கச் சொல்லி, 1 இலேயே எடுங்கள். மணமக்கள் இருவர் மட்டும் நிற்கும்போது நிமிர்த்தலாம். ஆனால் பாதத்தோடு எடுங்கள், இல்லையென்றால் இடுப்போடு நிறுத்துங்கள். கணுக்காலில் வெட்டினால் பார்க்க உறுத்தும்.

வாழை இலைச் சாப்பாட்டை நிமிர்த்தி எடுப்பவர்களை எனக்குப் புரிவதில்லை. இலையே குறுக்காகத்தான் போடப்பட்டிருக்கிறது. சாப்பிடுபவரின் இடப்பக்கம் நுனி. அந்த நுனியையும் வலப்பக்கத்து அகலத்தையும் வெட்டிவிட்டால் மிஞ்சுவது சோற்று மலை மட்டும். கோலத்துக்கோ இரண்டு வாக்குமே வேண்டாம், சதுரம் போதும். நிழல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படி மேலிருந்து கீழே பார்த்து எடுப்பதில் பலருக்குத் தெரியாத ஒரு தவறு ஒளிந்திருக்கிறது. போன் எந்த வாக்கில் இருக்கிறது என்பதை, புவியீர்ப்பு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று உணரும் ஒரு சிறு சென்சார்தான் சொல்கிறது. போனை மேஜைக்கு இணையாகத் தட்டையாகப் பிடித்தால் இழுப்பு திரைக்கு ஊடே நேராகப் போகிறது. எது மேல், எது கீழ் என்று அதற்குத் தெரிவதில்லை. ஏதோ ஒரு வாக்கைக் கோப்பில் எழுதிவிடும். நான் ஒருமுறை ஆன்லைன் விண்ணப்பம் ஒன்றுக்குச் சான்றிதழைப் படமெடுத்து ஏற்றினேன். என் போனில் நேராக இருந்தது அங்கே பக்கவாட்டில் படுத்துக் கிடந்தது, விண்ணப்பமும் திரும்பி வந்தது. காரணம், பல போன்கள் படத்தைத் திருப்பிச் சேமிப்பதில்லை. "காட்டும்போது இந்தப் பக்கம் திருப்பிக் காட்டு" என்று கோப்புக்குள் ஒரு குறிப்பை மட்டும் வைக்கின்றன. அந்தக் குறிப்பைப் படிக்காத மென்பொருளில் படம் படுத்துவிடும். எடுப்பதற்கு முன் போனை ஒருமுறை வேண்டிய வாக்கில் நிறுத்திப் பிடித்து, திரையில் உள்ள பிளாஷ் போன்ற சின்னங்கள் நேராகத் திரும்பிவிட்டனவா என்று பாருங்கள். அதன்பின் மெதுவாகக் கீழே சாயுங்கள். ஏற்றுவதற்கு முன் எடிட் போய், ஒரு ஓரத்தைத் துளி வெட்டிச் சேமித்தால் பெரும்பாலும் புள்ளிகளே திரும்பிய நிலையில் பதிவாகிவிடும்.

பெயர்க் குழப்பம் ஒன்று. "போர்ட்ரெய்ட்ல எடு" என்று சொன்னால், சிலர் போனை நிமிர்த்துவார்கள்; சிலர் கேமராவில் போர்ட்ரெய்ட் மோடைத் தேடிப் போய்ப் பின்னணியை மங்கலாக்கிவிடுவார்கள். இரண்டும் வேறு. அந்த மோடு 2016 இல் ஐபோன் 7 பிளஸ் வழியாகப் பரவலானது. போனைப் படுக்கவைத்தும் அதில் எடுக்கலாம். எனவே நான் இப்போதெல்லாம் "நிமிர்த்திப் பிடி" என்றே சொல்லிவிடுகிறேன்.

வீடியோவில் பாதியில் திருப்பாதீர்கள். பதிவு தொடங்கும்போது எந்த வாக்கோ, கடைசிவரை பொதுவாக அதே வாக்குதான். பள்ளி ஆண்டு விழாவில் நிமிர்த்தித் தொடங்கி, மேடை அடங்கவில்லை என்று நடுவில் திருப்பினால் மீதி நடனம் முழுக்கப் பிள்ளைகள் சுவரில் நடப்பார்கள். நிறுத்துங்கள், திருப்புங்கள், மறுபடி தொடங்குங்கள்.

பனோரமாவில் ஒரு சின்னத் தந்திரம்: அகலமான காட்சிக்குப் போனை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். அப்போதுதான் உயரமும் போதுமான அளவு கிடைக்கும்.

பிரிண்ட் போடுபவர்களுக்கு ஒன்று. ஸ்டூடியோவில் 4 க்கு 6 என்று கேட்டால் அது 3:2. உங்கள் 4:3 படத்தைத் தாள் நிறையப் போட்டால், குறுகிய பக்கத்தில் ஒன்பதில் ஒரு பங்கு போய்விடும். படுக்கைவாக்குப் படமென்றால் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும். நிமிர்ந்ததென்றால் இடமும் வலமும். முகங்களை விளிம்புவரை நெருக்கி எடுத்த குடும்பப் படத்தில் ஓரத்து ஆளின் காது போவது இப்படித்தான். எடுக்கும்போதே சுற்றிலும் ஒரு விரல் அகலம் விட்டு எடுங்கள். வாட்ஸ்அப் டிபி வட்டம் என்பதால் அங்கேயும் இதே சங்கதி, இன்னும் கொஞ்சம் தாராளமாக.

நம்மையே படமெடுக்க வேறொருவரிடம் போனைக் கொடுப்போம் இல்லையா, அப்போது எந்த வாக்கில் வேண்டுமோ அந்த வாக்கிலேயே, கேமராவைத் திறந்து வைத்து நீட்டுங்கள். வாங்குபவர் பெரும்பாலும் அப்படியே பிடித்துக்கொள்வார். மண்டபத்தில் அன்று நான் செய்தது அதைத்தான். மாமாவும் மாமியும் மாலையோடு நிற்கும் அந்தப் படத்தில் இரண்டு பக்கத்துப் பேரப்பிள்ளைகளும் முழுதாக இருக்கிறார்கள்.