காற்று நின்றதும் கதவைத் திறக்காதீர்கள்: புயல் இரவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேதாரண்யத்தை ஒட்டிய கடற்கரை எங்களுடையது. ஒவ்வொரு ஐப்பசியிலும் எங்கள் புயல் பாதுகாப்பு மையத்தில் தன்னார்வலர்களை உட்காரவைத்து ஒரு நாள் பேசுவோம். இந்த முறை எட்டுப் பேர் வந்திருந்தார்கள், எல்லாம் இருபது வயதுப் பிள்ளைகள். "நடு ராத்திரி. காற்று சுத்தமா நின்னுபோச்சு. ஒருத்தர் வந்து, வீட்டைப் பார்த்துட்டு ஓடியாந்துடுறேன்னு கேக்குறார். என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன். ஆறு பேர் ஒரே மாதிரி சொன்னார்கள்: டார்ச்சைக் கொடுத்து, சீக்கிரம் வரச் சொல்லி அனுப்புவோம்.

2018இல் நானும் அதைத்தான் செய்தேன்.

மெழுகுவர்த்தி வாங்கி வையுங்கள், போனுக்கு சார்ஜ் போடுங்கள் என்பதெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரியும். விவரம் தெரிந்தவர்களே வழுக்கி விழும் சில இடங்களைப் பற்றித்தான் இது.

கூண்டு எண்ணை மார்க் போலப் படிப்பது

நாகப்பட்டினம், கடலூர், பாம்பன் துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் ஊரே எண்ணைத்தான் பேசும். "எட்டுதான் ஏத்தியிருக்காங்க, பத்து இல்லையே" என்று ஒருவர் நிம்மதியாகச் சொல்வார். எட்டு, ஒன்பது, பத்து மூன்றுமே பெரும் அபாயம்தான். புயல் அந்தத் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகப் போகும் என்பதுதான் எட்டுக்கும் ஒன்பதுக்கும் உள்ள வித்தியாசம். பத்து என்றால் துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கடக்கும் என்று பொருள். ஐந்து, ஆறு, ஏழுக்கும் இதே கணக்குதான். எட்டைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

"நம்ம ஊர்ல கரையைக் கடக்கலையே"

வரைபடத்தில் ஒரு கோடு, கோட்டின் முனையில் ஒரு ஊர். நம் ஊர்ப் பெயர் அங்கே இல்லையென்றால் தப்பித்தோம் என்று நினைக்கிறோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையில் கரையைக் கடக்கவே இல்லை. ஐந்தாம் தேதி ஆந்திராவின் பாபட்லா பக்கம் போய்த்தான் கடந்தது. அதற்குள் மூன்றாம் தேதியும் நான்காம் தேதியும் சென்னையின் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மூழ்கிவிட்டன. கடற்கரையை ஒட்டி மெதுவாக நகரும் புயல் மழையை விடாமல் ஊர் மேல் கொட்டிக்கொண்டே இருக்கும். அதே நேரத்தில் காற்று கடலைக் கரைப் பக்கம் தள்ளி ஏற்றி வைக்கும். முகத்துவாரத்தில் கடல் ஏறி நின்றால் ஆற்றுத் தண்ணீர் எங்கே போகும்?

இன்னொன்று. நம் கரைக்குக் கிழக்கேயிருந்து வரும் புயலில், அது கடக்கும் இடத்துக்கு வடக்கே இருக்கும் ஊர்களில்தான் காற்று கடலிலிருந்து கரையை நோக்கி அடிக்கும், அலை ஏறும். தெற்கே இருப்பவர்களுக்குக் காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகும், கடல் உள்வாங்கியதுபோலக்கூட இருக்கும். ஆகவே 'எங்கே கடக்கும்' என்று கேட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். நாம் அதற்கு வடக்கா, தெற்கா என்றும் கேளுங்கள்.

காற்று நின்றதும் கதவைத் திறப்பது

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. என் மேலேயும் வருகிறது.

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை ஏறியது. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வேகம். எங்கள் மையத்தில் இருநூறு பேருக்கு மேல் இருந்தார்கள். முன்னிரவிலிருந்தே வடக்கேயிருந்து காற்று. ஜன்னல் கம்பியில் அது ஊளையிட்டதைக் கேட்டுக் குழந்தைகள் அழுது ஓய்ந்து தூங்கிப்போயிருந்தன. நள்ளிரவு தாண்டிக் கொஞ்ச நேரத்தில், யாரோ விசையை அணைத்ததுபோல, எல்லாம் நின்றது. மழையும் இல்லை. வெளியே எட்டிப் பார்த்தேன். மேகம் விலகி ஒன்றிரண்டு நட்சத்திரம்கூடத் தெரிந்தது.

உப்பள வேலைக்குப் போகும் அண்ணன் ஒருவர் வந்தார். "தம்பி, பசுமாடு கட்டிக் கிடக்குப்பா. அவுத்து விட்டுட்டு ஓடியாந்துடுறேன். அஞ்சு நிமிஷம்." வீடு முந்நூறு அடி தூரம்கூட இருக்காது. நான் கதவைத் திறந்துவிட்டேன். அவர் பின்னாலேயே இன்னும் நாலு பேர் போனார்கள்.

இருபது நிமிடம் இருக்கும். தெற்கேயிருந்து ஒரு இரைச்சல் கேட்டது. முதலில் லாரி என்று நினைத்தேன். லாரி எப்படி வரும், சாலையெல்லாம் மரம் கிடக்கிறதே என்று தோன்றிய நொடியில் எதிர்ப்பக்கத்துக் கதவு பிளந்துகொண்டது. நாலு பேர் தவழ்ந்து வந்து சேர்ந்தார்கள். அண்ணன் வரவில்லை. விடிந்த பிறகு தொழுவத்துக்குப் பக்கத்தில் கிடைத்தார், உயிரோடு. பறந்து வந்த தகரம் முழங்காலுக்குப் பின்னால் நரம்பை அறுத்திருந்தது. கட்டிலில் வைத்து, விழுந்து கிடந்த தென்னைகளைத் தாண்டித் தாண்டித் தூக்கிப்போனோம். ஆஸ்பத்திரி போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. அதற்கப்புறம் அவர் உப்பளத்தில் இறங்கவில்லை.

எனக்குத் தெரியாமல் இல்லை. புயலின் நடுவே காற்று அடங்கிய கண் உண்டு என்று பள்ளிக்கூடத்திலேயே படித்தவன்தான். ஆனால் அந்த அமைதி அவ்வளவு உண்மையாக இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. ஐந்து மணி நேரம் பயந்து கிடந்த உடம்பு அதை நம்பத்தான் துடிக்கும்.

என்ன நடக்கிறது என்றால், வங்கக் கடல் புயலில் காற்று கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றுகிறது. புயல் நம்மை நோக்கி மேற்கே வரும்போது அதன் முன்பக்கக் காற்று வடக்கேயிருந்து அடிக்கும். கண் நம் மேல் வந்தால் அமைதி. கண் தாண்டியதும் பின்பக்கம் வரும், அங்கே காற்று தெற்கேயிருந்து. மெல்ல ஏறாமல் வரும்போதே முழு வேகத்தில் வரும். ஏனென்றால் கண்ணைச் சுற்றியிருக்கும் சுவர்தான் புயலிலேயே கடுமையான இடம்.

முன்பாதியைவிடப் பின்பாதி அதிகம் உடைப்பதற்கும் காரணம் இருக்கிறது. வடக்குக் காற்றில் மணிக்கணக்காக ஆடிய தென்னையின் வேர் ஒரு பக்கம் தளர்ந்திருக்கும். கூரை ஷீட்டைப் பிடித்திருக்கும் ஜே போல்ட் துளையை அகலமாக்கியிருக்கும். அப்போது எதிர்த்திசையில் ஒரு தள்ளு. பாதி கழன்ற தகரமெல்லாம் அந்த நேரத்தில்தான் பறக்கிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். எங்கள் பக்கம் இன்னொரு ஆபத்தும் உண்டு. கோடியக்கரைக்குத் தெற்கே இருப்பது பாக் நீரிணை, ஆழம் குறைந்த கடல். அந்தத் தென்காற்று அந்தத் தண்ணீரைத்தான் கரைக்குத் தள்ளும். அதனால் முதல் பாதியில் கடல் ஏறவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

"எவ்வளவு நேரம் அமைதி இருக்கும்ணே?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். கண் 20 கிலோமீட்டர் அகலம், புயல் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது என்று வையுங்கள். கண்ணின் நட்ட நடுக்கோடு நம் மேல் போனால் ஒரு மணி நேரம். ஓரம் மட்டும் உரசிப் போனால் பத்து நிமிடம். எது நம் மேல் போகிறது என்று கீழே நிற்கிறவனுக்குத் தெரியவே தெரியாது. "அஞ்சு நிமிஷம்" என்ற வார்த்தைக்கு அங்கே இடமில்லை.

உண்மையாகவே புயல் விலகுகிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் புயலின் மையம் உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும். மையம் உங்களுக்குத் தெற்கே கடந்தால் காற்று வடகிழக்கு, கிழக்கு, தென்கிழக்கு என்று கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். வடக்கே கடந்தால் வடமேற்கு, மேற்கு, தென்மேற்கு என்று திரும்பும். இப்படித் திரும்பிக்கொண்டே மணிக்கணக்கில் தளர்ந்தால் அது முடிவு. திசை மாறாமல் அடித்துக்கொண்டிருந்த காற்று சட்டென்று நின்றால் அது கண். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா பட்டப்பகலில் சென்னை மேல் போனபோது, நடுவே வந்த அமைதியையும் பிறகு திசை மாறி அடித்த காற்றையும் பலர் கண்ணால் பார்த்தார்கள். எங்களுக்கு இருட்டில் வந்தது.

இப்போதெல்லாம் காற்று நின்ற உடனே ஒரு பெஞ்சை வாசலுக்குக் குறுக்கே போட்டு நானே உட்கார்ந்துவிடுகிறேன். தெற்கு ஜன்னல் பக்கம் படுத்திருப்பவர்களை எழுப்பி வடக்குச் சுவரோரம் மாற்றச் சொல்கிறேன். அந்த அமைதியில் செய்ய வேண்டிய வேலை அது ஒன்றுதான். என்னைத் திட்டுகிறவர்கள் திட்டட்டும்.

மாட்டைக் கட்டியே வைப்பது

சாயங்காலமே தும்பை அவிழ்த்துவிடுங்கள். மாடு தன் மேட்டைத் தானே தேடிக்கொள்ளும், நீங்களும் ராத்திரி அதற்காக வெளியே போக மாட்டீர்கள்.

ஜெனரேட்டரை வீட்டுக்குள் வைப்பது

அந்தப் புகையில் வாசனையே இல்லாத விஷவாயு இருக்கிறது. தூங்குகிறவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். மழையில் நனையாத மறைப்பில், வீட்டைவிட்டுத் தள்ளி வையுங்கள்.

அறுந்த கம்பி

கரண்ட் இல்லை என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். பக்கத்து வீட்டு ஜெனரேட்டரிலிருந்துகூட அதில் மின்சாரம் ஏறியிருக்கலாம்.

புயல் கடந்ததும் மூட்டையைப் பிரிப்பது

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. காற்று கஜா அளவுக்கு இல்லை. அதனால் 'இதுதானா' என்று பலர் நிம்மதியானார்கள். ஆனால் அது நகராமல் மணிக்கணக்கில் அங்கேயே நின்றது. ஒரே நாளில் புதுச்சேரியில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அப்புறம் வலுவிழந்து உள்நாட்டுக்குள் போய், கடலே இல்லாத கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஊத்தங்கரையில் சுமார் 50 சென்டிமீட்டர் கொட்டியது. சாத்தனூர் அணை நிரம்பித் தண்ணீர் திறந்தார்கள். அந்தத் தண்ணீரெல்லாம் தென்பெண்ணை வழியாகக் கடலுக்குத்தானே வந்தாக வேண்டும்? புயல் போய், வானம் வெளுத்து, கடலூர்க்காரர்கள் துணி காயப்போட்ட பிறகு ஆறு ஊருக்குள் வந்தது.

கடற்கரையில் இருக்கிறவர்கள் வானிலை அறிக்கையைக் கேட்பதோடு, தங்கள் ஆறு எங்கே புறப்படுகிறது, வழியில் எந்த அணை இருக்கிறது என்பதையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். மேலே மழை நின்று, அணையில் திறப்பைக் குறைத்துவிட்டார்கள் என்ற செய்தி வந்த பிறகும் ஒரு நாள் பொறுங்கள். ரேஷன் கார்டும் பட்டாவும் பிள்ளைகளின் சான்றிதழும் அதுவரை அந்த பிளாஸ்டிக் பையிலேயே, பரண் மேலேயே இருக்கட்டும்.