‘ரேங்கர்’ என்ற ஆங்கிலச் சொல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் போட்டித் தேர்வுகளுக்குப் படிப்பவர்களின் ஆங்கிலக் கட்டுரைகளைத் திருத்தும்போது, பகையுணர்வைக் குறிக்கும் சொற்களுள் ‘ரேங்கர்’ தான் பெரும்பாலும் இடம் மாறி நிற்கிறது. சாதாரணக் கோபத்துக்கு அதை எழுதிவிடுவதே முதன்மையான பிழை. மதிப்பெண் குறைந்ததற்காகத் தாய் திட்டியதை எழுத வந்த ஒரு மாணவி, தாய்க்குத் தன் மேல் ‘ரேங்கர்’ என்று எழுதியிருந்தார். மாலையில் திட்டிவிட்டு இரவில் தோசை ஊற்றிக் கொடுக்கும் தாயின் கோபத்துக்கு இச்சொல் சற்றும் பொருந்தாது. வரப்புத் தகராறில் பேச்சு முறிந்த பங்காளிகள், வழக்கு முடிந்து ஆண்டுகள் ஆன பிறகும் ஒருவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு மற்றவர் போகாமல், பழைய பேச்சையெல்லாம் நினைத்து நினைத்து உள்ளுக்குள் கறுவிக்கொண்டிருக்கிறார்களே, அந்த ஆறாத மனக்கசப்பே ரேங்கர்.

சொல்லின் பிறப்பை அறிந்தால் இந்த வேறுபாடு மனத்தில் பதியும். லத்தீனில் ‘ரான்கேரே’ என்ற வினைக்குக் கெட்டு நாறுதல் என்று பொருள். அதனோடு தொடர்புடைய ‘ரான்கோர்’ என்ற பெயர்ச்சொல் கெட்டுப்போன பொருளின் நாற்றத்தைக் குறித்தது. விவிலியத்தை லத்தீனில் பெயர்த்த ஜெரோமின் எழுத்துகளிலேயே அது மனக்கசப்பு என்ற பொருளையும் ஏற்றுவிட்டது. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது மனப்பகை என்ற பொருளோடுதான் வந்தது. கீழமாசி வீதியில் வாங்கிய கடலை எண்ணெயை மூடாமல் வைத்தால், கொழுப்பு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து சிறிது சிறிதாகச் சிதைந்து, ஒரு கட்டத்தில் சிக்கு வாடை அடிக்கிறது. அது ஒரே நாளில் நேர்வதுமில்லை, நேர்ந்தபின் எண்ணெய் பழைய நிலைக்குத் திரும்புவதுமில்லை. நாட்பட்ட பகைக்கு இந்த வேர் எவ்வளவு பொருத்தம் என்று எனக்கு எப்போதும் வியப்புண்டு.

ஆனால் வேர்ப்பொருளையே இன்றைய பொருளாகக் கொள்வது அடுத்த தவறு. சிக்குப் பிடித்த எண்ணெயை இன்றைய ஆங்கிலத்தில் ‘ரேங்கர்’ என்று சொல்வதில்லை. அதற்கு அதே லத்தீன் வேரிலிருந்து 17ஆம் நூற்றாண்டில் வந்த ‘ரேன்சிட்’ என்ற சொல் இருக்கிறது. ஒலி ஒத்திருப்பதால், பள்ளியில் வாங்கும் ‘ரேங்க்’ என்பதோடு முடிச்சுப் போடுவதும் தவறு. அந்தச் சொல் வரிசையைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது, இரண்டுக்கும் உறவில்லை.

‘மேலிஸ்’ என்பதற்கு மாற்றாகவும் இதை எழுதக் கூடாது. கெட்டது என்று பொருள்படும் ‘மாலுஸ்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்த மேலிஸ், பிறருக்குத் தீங்கு செய்யும் எண்ணத்தைச் சுட்டுகிறது. முன்பின் அறியாத ஒருவர் மீதும் அது எழலாம். ரேங்கருக்கோ பழைய காயம் ஒன்று வேண்டும். தீங்கு செய்யும் திட்டம் இருக்க வேண்டியதில்லை.

‘அவன் மேல்’ என்ற தமிழ் வழக்கை அப்படியே பெயர்த்து ‘ஆன்’ என்ற முன்னிடைச்சொல்லைச் சேர்ப்போர் பலர். ‘டுவர்ட்ஸ்’ அல்லது ‘அகெய்ன்ஸ்ட்’ என்பதே சரி. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லின் இறுதியில் ‘ஓ, யு, ஆர்’ என்று எழுதுவர். அமெரிக்கர் ‘யு’வை எழுதுவதில்லை. ‘ரேங்கரஸ்’ என்று பெயரடையாகும்போது இரு நாட்டு வழக்கிலும் அந்த ‘யு’ வராது.