பேர் யாரு போடுறது? சங்கம் நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் இலங்கை மலையகத்தில் அட்டன் பக்கம் புதிதாகத் தொடங்கிய ஓர் இளைஞர் சங்கத்தின் கூட்டத்துக்குப் போயிருந்தேன். "எல்லாரும் சமம், எல்லாருக்கும் இடம்" என்று சுவரை அடைத்துப் பதாகை. நாள் புதன்கிழமை, நேரம் காலை பத்து மணி. எனக்குத் திக்கென்றது. 2017இல் நாங்களும் இப்படித்தான் ஆரம்பித்தோம்.

யாரையும் ஏளனமாகப் பேசக்கூடாது, பெண்களையும் பேச விட வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

வேலை நாளில் கூட்டம் வைப்பது

கொழுந்து பறிக்கும் பெண்களுக்குத் தலைமைத்துவப் பயிற்சி என்று டவுன் மண்டபத்தில் ஏற்பாடு செய்தோம். முதல் தடவை பதினெட்டுப் பேர் வந்தார்கள். அடுத்த தடவை நாலு பேர். மூன்றாவது தடவை ஆசிரியைகளும் வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை வீட்டுப் பெண்களும்தான். அறிக்கையில் "தோட்டப் பெண்களிடம் ஆர்வம் குறைவு" என்று எழுதினேன். எழுதியது நான்தான். இப்போதும் அந்த வரி ஞாபகம் வந்தால் எரிச்சலாக இருக்கிறது.

பிறகு ஒரு நாள் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் போனபோது ஒரு அம்மாயி கேட்டார்: "ஒங்க மீட்டிங்குக்கு வந்தா எனக்குப் பேரு யாரு போடுறது தம்பி?"

தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் கூலி. 2016 கூட்டு ஒப்பந்தத்தில் நாளொன்றுக்கு அடிப்படைச் சம்பளம் 500 ரூபாய், அதோடு வரவுக் கொடுப்பனவு 60 ரூபாய் என்று இருந்தது. அந்த அறுபது கிடைக்க, வேலை கொடுத்த நாட்களில் 75 சதவீதமாவது வந்திருக்க வேண்டியிருந்தது. உடம்புக்கு முடியாமல் ஏற்கெனவே சில நாள் நின்றவர் எங்கள் கூட்டத்துக்காக இன்னொரு நாளும் நின்றிருந்தால், அன்றைய கூலி மட்டுமல்ல, மாதம் முழுவதற்குமான அறுபதுகளும் கையை விட்டுப் போயிருக்கலாம். நாங்கள் கொடுத்தது ஒரு சோற்றுப் பார்சலும் ஒரு கொப்பியும்.

அதே வரவுசெலவில் பயிற்சி நடத்தும் வளவாளருக்குக் கொடுப்பனவு இருந்தது, வேன் வாடகை இருந்தது. வந்த பெண்களுக்குக் கூலியை ஈடுகட்டலாமே என்றபோது மட்டும், "காசு கொடுத்து ஆள் சேர்ப்பதா?" என்று நிதி கொடுத்தவர்கள் முகம் சுளித்தார்கள். வளவாளரை நாம் காசு கொடுத்துச் சேர்க்கவில்லையா?

சரி, ஞாயிற்றுக்கிழமை வைக்கலாம் என்று மாற்றினோம். அன்றைக்குத்தான் துணி துவைப்பது, விறகு பொறுக்குவது, சந்தைக்குப் போவது எல்லாம். யாரையும் கேட்காமல் நாங்களே முடிவெடுத்தால் வேறென்ன நடக்கும்? கடைசியில் அவர்களிடமே கேட்டோம். ஞாயிறு பின்னேரம் மூன்று மணி, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில், ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகக்கூடாது, குழந்தைகளைப் பார்க்க ஆள் வேண்டும் என்றார்கள். அப்புறம் கூட்டம் நிறைந்தது. டவுன் மண்டபத்துக்குக் கட்டிய வாடகையும் மிச்சம்.

தலைவரிடம் மட்டும் சொல்லி அனுப்புவது

தோட்டத்தில் தொழிற்சங்கத்தின் தலைவரைத் தாண்டிப் போகாதீர்கள், கோபித்துக்கொள்வார். ஆனால் அவரோடு நிறுத்தினால் அவருடைய தொழிற்சங்கத்தார் மட்டும்தான் வருவார்கள். ஒரே தோட்டத்தில் இரண்டு மூன்று தொழிற்சங்கம் இருக்கும்போது மற்றவர்களுக்கு உங்கள் கூட்டம் இன்னொரு சங்கத்தின் கூட்டம்தான்.

மொழி

1987இல் அரசியலமைப்புக்கு வந்த 13ஆம் திருத்தத்துக்குப் பிறகு தமிழும் அரசகரும மொழி. தமிழில் கடிதம் வரவில்லையென்று பிரதேச செயலகத்தோடு சண்டை போடும் நாமே நம் சங்கத்தின் யாப்பை, அதாவது விதிகளை, ஆங்கிலத்தில் வைத்திருக்கிறோம். உபதலைவியாகப் போட்ட பெண்ணிடம் அதைத்தான் நீட்டிக் கையெழுத்துக் கேட்கிறோம். வாசித்துக் காட்டாமல் யாரிடமும் கையெழுத்து வாங்காதீர்கள்.

"எங்களிடம் சாதி கிடையாது"

அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை, பாகுபாடு காட்டக்கூடாத காரணங்களில் சாதியையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. இல்லாத ஒன்றை அங்கே எழுதியிருக்க மாட்டார்கள். இந்த வசனத்தைச் சொல்பவர் எந்த வீட்டில் தண்ணீர் குடிக்காமல் எழும்பி வருகிறார் என்று கவனியுங்கள்.

சாய்தளம்

சக்கர நாற்காலிக்காக மண்டப வாசலில் கட்டியாயிற்று. வீதியிலிருந்து மண்டபத்துக்கு நாற்பது படி.

தேநீர்

ஒவ்வொரு கூட்டத்திலும் பெண்கள்தான் ஊற்றுகிறார்கள். அடுத்த தடவை பொருளாளர் ஊற்றட்டும்.