சிங்கப்பூரில் குடும்பக் கணக்கு: முதன்முறையாகத் திட்டமிடுவோருக்கு ஒரு செய்முறை

வீட்டுக் கணக்கு முழுவதும் ஒருவர் தலைக்குள் மட்டும் இருக்கும் குடும்பங்கள் நம்மிடையே நிறைய உண்டு. எந்த வங்கியில் எவ்வளவு இருக்கிறது, வீட்டுக் கடன் எதிலிருந்து கழிகிறது, காப்புறுதிப் பத்திரம் எந்த அலமாரியில் கிடக்கிறது என்பதெல்லாம் கணவருக்குத் தெரியும், மனைவிக்குத் தெரியாது. சில வீடுகளில் இது நேர்மாறாக இருக்கும். சம்பளம் தவறாமல் வரும்வரை இந்த ஏற்பாடு ஓடும். ஒருவருக்கு வேலை போனாலோ, அவர் மருத்துவமனையில் படுத்தாலோ, மற்றவர் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்க நேரிடும். ஆகவே நான் வைக்கும் ஒரே நிபந்தனை: இதை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து செய்யுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: இருவரின் கடைசிச் சம்பளச் சீட்டு, மூன்று மாத வங்கி அறிக்கை, சிங்பாஸ் (அரசாங்க இணையச் சேவைகளுக்கான மின்னியல் அடையாளம்) உள்ள கைப்பேசி, ஒரு நோட்டுப் புத்தகம். செயலிகள் பிறகு வரட்டும். முதல் கணக்கைக் கையால் எழுதினால்தான் எண்கள் மனத்தில் தங்கும்.

படி 1: கைக்கு வரும் தொகையை எழுதுங்கள்

2016 ஏப்ரல் முதல், விவரம் பிரித்துக் காட்டிய சம்பளச் சீட்டைத் தருவது முதலாளியின் சட்டக் கடமை. அதில் மொத்தச் சம்பளத்தைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு மூடிவிடாதீர்கள். 55 வயது வரையிலான ஊழியரின் சம்பளத்தில் 20 விழுக்காடு மத்திய சேமநிதிக்கு (மசேநி) போகிறது; முதலாளி அதன்மேல் 17 விழுக்காடு போடுகிறார். நிரந்தரவாசம் கிடைத்த முதல் இரண்டு ஆண்டுகளில் இந்த விகிதங்கள் குறைவாக இருக்கும்.

ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவருக்கு 4,200 வெள்ளி, மனைவிக்கு 2,800 வெள்ளி, மொத்தம் 7,000. மசேநிக்கு இருவரிடமிருந்தும் 1,400 வெள்ளி கழியும். இந்தியச் சமூக உதவி அமைப்பான சிண்டாவுக்குப் பங்களிப்பு ஆளுக்கு 7 வெள்ளி. கைக்கு வருவது 5,586 வெள்ளி. அதே மாதம் இருவரின் மசேநிக் கணக்குகளிலும் முதலாளிகளின் பங்கோடு சேர்த்து 2,590 வெள்ளி ஏறுகிறது. இந்த இரண்டு எண்களையும் தனித்தனிப் பக்கங்களில் எழுதுங்கள். ஒன்று இன்றைய செலவுக்கு. மற்றது வீட்டுக்கும் மருத்துவத்துக்கும் முதுமைக்கும். 7,000 வெள்ளிக் குடும்பம் என்று நினைத்துச் செலவு செய்வதில்தான் பலரின் கடன் அட்டை நிலுவை தொடங்குகிறது.

படி 2: ஆண்டுக்கு ஒருமுறை வரும் செலவுகளைத் தேடிப் பிடியுங்கள்

மாதக் கட்டணங்களை எழுதுவது எளிது: மின்சாரம், தண்ணீர், நகர மன்றப் பராமரிப்புக் கட்டணம், கைப்பேசி, இணையம், மாணவர் பராமரிப்பு நிலையம். வங்கி அறிக்கையைப் பார்த்து வரிசையாக எழுதிவிடலாம்.

குடும்பங்களைத் திணற வைப்பவை ஆண்டுக்கு ஒருமுறை வருபவை. ஜனவரி 31க்குள் சொத்து வரி. பள்ளி திறக்கும் முன் புத்தகம், சீருடை, காலணி. ஆண்டுக் காப்புறுதிச் சந்தா. தீபாவளிக்குத் துணிமணி, பலகாரம், பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அன்பளிப்பு உறைகள். டிசம்பர் விடுமுறையில் திருச்சிக்கோ சென்னைக்கோ விமான டிக்கெட், கூடவே ஊரில் உள்ளவர்களுக்கான சாமான்கள். இவை எதுவும் திடீரென்று வருவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் அதே மாதத்தில் வருகின்றன. எல்லாவற்றையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுங்கள். ஆண்டுக்கு 6,000 வெள்ளி என்றால் மாதம் 500. வருமான வரியைக் கைரோ (வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் ஏற்பாடு) மூலம் வட்டியில்லாமல் பன்னிரண்டு தவணைகளில் கட்ட வழியிருக்கிறது. அதை மாதக் கட்டணங்களோடு சேர்த்துவிடுங்கள்.

படி 3: சம்பள நாளன்றே பிரித்துப் போடுங்கள்

மாதக் கடைசியில் மிஞ்சுவதைச் சேமிப்போம் என்றால் பெரும்பாலும் எதுவும் மிஞ்சாது. சம்பளம் ஏறும் கணக்கிலிருந்து மறுநாளே தானாகப் பணம் மாறும்படி வங்கியில் நிலையான உத்தரவு போட்டுவிடுங்கள். நம் குடும்பத்தின் 5,586 வெள்ளி இப்படிப் பிரியலாம்: ஆண்டுச் செலவுக் கணக்குக்கு 500, சேமிப்புக்கு 600, ஊரில் இருக்கும் பெற்றோருக்கு 500, மாதக் கட்டணங்களுக்கு 1,500. மீதம் 2,486. வாரத்துக்குச் சுமார் 570 வெள்ளி.

அந்த வாரத் தொகைதான் தேக்கா சந்தைக்கும், பேரங்காடிக்கும், காப்பிக்கடைச் சாப்பாட்டுக்கும், எம்ஆர்டிக்கும். மாத பட்ஜெட்டைவிட வார பட்ஜெட்டையே நான் பரிந்துரைப்பேன். ஒரு வாரம் கைமீறினால் அடுத்த வாரமே சரிசெய்துவிடலாம். மாதக் கணக்கில் அது தெரியவரும்போது இருபத்தெட்டாம் தேதி ஆகியிருக்கும். அரசாங்கம் தரும் சிடிசி பற்றுச்சீட்டுகளை மளிகைக்கே பயன்படுத்தி, அந்த வாரம் மிஞ்சும் காசைச் சேமிப்புக்கு மாற்றுங்கள்.

பெற்றோருக்கு அனுப்பும் பணத்தை மேலே பட்டியலில் வைத்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது மிச்சத்தில் செய்யும் தருமம் ஆகாது. குடும்பச் செலவின் ஒரு பகுதி. வெளிப்படையாக எழுதிவிட்டால் கணவன் மனைவிக்கு இடையே அதைப் பற்றிய மனத்தாங்கலும் குறையும். உங்கள் பக்கப் பெற்றோருக்கு எவ்வளவு, என் பக்கத்துக்கு எவ்வளவு என்பதை நல்ல மனநிலையில் இருக்கும்போதே பேசி முடித்துவிடுங்கள்.

படி 4: கடன் அட்டை நிலுவை முதலில், அவசர நிதி அடுத்து

கடன் அட்டை நிலுவைக்கு இங்கே வட்டி ஆண்டுக்கு 25 விழுக்காட்டுக்கும் மேல் போகிறது. எந்தச் சேமிப்பும் அந்த அளவுக்கு ஈட்டித் தராது. நிலுவை இருந்தால் படி 3இல் சேமிப்புக்கு ஒதுக்கிய தொகையை அதை அடைக்கத் திருப்புங்கள். உரிமம் பெற்ற கடன்கொடுப்போரும் மாதம் 4 விழுக்காடு வரை வட்டி வாங்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. மாதத்துக்கு 4 என்பதை மறக்க வேண்டாம். குறுஞ்செய்தியிலோ வாட்ஸ்அப்பிலோ வந்து கடன் தருகிறேன் என்பவரிடம் பேச்சே வேண்டாம். உரிமம் பெற்றவர்களுக்கு அப்படி விளம்பரம் செய்ய அனுமதி கிடையாது.

கடன் அடைந்ததும், மூன்று முதல் ஆறு மாதச் செலவுக்கான தொகையைத் தனிக் கணக்கில் சேருங்கள். சிங்கப்பூர் நாணய ஆணையமும் நிதித்துறையினரும் 2023இல் வெளியிட்ட அடிப்படை நிதித் திட்டமிடல் வழிகாட்டியும் இந்த அளவையே சொல்கிறது. சிங்கப்பூர் வங்கி வைப்புகளுக்கு, ஒரு வங்கியில் ஒருவருக்கு 100,000 வெள்ளி வரை வைப்புக் காப்புறுதி உண்டு. ஒரு பகுதியை அரசாங்கம் வெளியிடும் சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரத்திலும் வைக்கலாம். குறைந்தது 500 வெள்ளி போதும். எந்த மாதமும் அபராதமின்றித் திரும்பப் பெறலாம், பணம் அடுத்த மாதத் தொடக்கத்தில் கைக்கு வரும்.

தெரிந்தவர்களுக்குள் கட்டும் சீட்டுக்கு இந்த வைப்புக் காப்புறுதி கிடையாது. நகையையும் அவசர நிதியாக நான் எண்ண மாட்டேன். செய்கூலியும் 9 விழுக்காட்டுப் பொருள், சேவை வரியும் கொடுத்து வாங்கும் சங்கிலியை அடுத்த ஆண்டு விற்றால், அந்த இரண்டும் திரும்பி வராது. அணிந்துகொள்ள நகை வாங்குங்கள், அதில் ஒரு தவறும் இல்லை. தங்கமே சேமிப்பாக வேண்டும் என்றால், முதலீட்டுத் தரக் கட்டிகளுக்கும் நாணயங்களுக்கும் 2012 அக்டோபர் முதல் அந்த வரி இல்லை.

படி 5: வீட்டுத் தவணையை வயதோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்

இந்தப் படியில் சற்று நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். தவணை மசேநியிலிருந்து தானாகக் கழிவதால், வீடு இலவசமாக வந்ததுபோன்ற நினைப்பு பலருக்கு இருக்கிறது.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்திடம் (வீவக) 300,000 வெள்ளியை 25 ஆண்டுக்கு 2.6 விழுக்காடு வட்டியில் கடன் வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய 1,361 வெள்ளி. தவணை மசேநியின் சாதாரணக் கணக்கிலிருந்து போகும். ஆனால் சம்பளத்தில் எத்தனை விழுக்காடு அந்தக் கணக்குக்குப் போகிறது என்பது வயதைப் பொறுத்து மாறுகிறது. 35 வயது வரை 23 விழுக்காடு, 45 வரை 21, 50 வரை 19, 55 வரை 15. மீதம் முதுமைக்கான சிறப்புக் கணக்குக்கும் மருத்துவச் செலவுக்கான மெடிசேவுக்கும் திரும்புகிறது.

நம் தம்பதியரின் 7,000 வெள்ளிக்கு இதைப் போட்டுப் பாருங்கள். இருவரும் 35ஐத் தாண்டாதவரை மாதம் 1,610 வெள்ளி ஏறும். தவணை போக 249 மிஞ்சும். 35ஐத் தாண்டியதும் 1,470, மிச்சம் 109. 45ஐத் தாண்டியதும் 1,330. இப்போது 31 வெள்ளி துண்டு விழுகிறது. 50ஐத் தாண்டினால் 1,050 வெள்ளிதான் ஏறும். மாதம் 311 வெள்ளி பற்றாது. சம்பளம் உயர்ந்தால் இது தெரியாது. உயராமல் போனாலோ, ஒருவர் பிள்ளைக்காகவோ வயதான தாயாருக்காகவோ வேலையை விட்டாலோ உடனே தெரியும்.

ஆகவே உங்கள் கடன் எந்த வயதில் முடிகிறது என்று இப்போதே எழுதுங்கள். வீடு இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால், வீவகக் கடன் எடுக்கும்போது சாதாரணக் கணக்கில் ஆளுக்கு 20,000 வெள்ளி வரை வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. அதை முழுவதும் துடைத்து வீட்டில் போடாதீர்கள். வேலை இல்லாத மாதங்களில் அந்தத் தொகைதான் தவணை கட்டும். தவணை மாத வருமானத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது வீவக வீடுகளுக்கான விதி. அது உச்சவரம்பு, அதைத் தொட்டுவிட வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை.

இன்னொன்று: வீட்டை விற்கும்போது, மசேநியிலிருந்து எடுத்த தொகையோடு, எடுக்காமல் இருந்திருந்தால் சேர்ந்திருக்கும் வட்டியையும் உங்கள் மசேநிக் கணக்கிலேயே திருப்பிப் போட வேண்டும். விற்பனை விலையைக் கேட்டதும் கையில் வரும் ரொக்கம் என்று நினைத்து அடுத்த வீட்டுக்கு முன்பணம் பேசிவிடாதீர்கள்.

படி 6: இருக்கும் காப்புறுதியைத் தெரிந்துகொண்டு பிறகு வாங்குங்கள்

குடிமக்கள், நிரந்தரவாசிகள் அனைவருக்கும் மெடிஷீல்டு லைஃப் என்ற அடிப்படை மருத்துவக் காப்புறுதி இருக்கிறது. அது அரசாங்க மருத்துவமனைகளின் பி2, சி வகுப்பு (மானியம் உள்ள வார்டுகள்) செலவுகளைக் கருதி அமைந்தது. மசேநி செலுத்தும் பலருக்குச் சார்ந்திருப்போர் பாதுகாப்புத் திட்டமும் இருக்கும்; 60 வயதுக்குள் இறந்தால் குடும்பத்துக்கு 70,000 வெள்ளி வரை கிடைக்கும். உங்களுக்கு அது நடப்பில் உள்ளதா என்று சிங்பாஸ் வழியாக மசேநி இணையத்தளத்தில் பாருங்கள்.

நாணய ஆணைய வழிகாட்டி, இறப்புக்கும் நிரந்தர முடக்கத்துக்கும் ஆண்டு வருமானத்தைப்போல் ஒன்பது மடங்கு காப்புறுதி இருக்க வேண்டும் என்கிறது. சந்தா வருமானத்தில் 15 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பிள்ளைகள் சிறியவர்களாக இருக்கும் வீட்டுக்குக் குறித்த காலத்துக்கான ஆயுள் காப்புறுதியே குறைந்த சந்தாவில் பெரிய தொகை தரும். முதலீடும் காப்புறுதியும் கலந்த திட்டத்தை, உறவினர் விற்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக வாங்காதீர்கள்.

குழந்தை பிறந்த வீடுகள் குழந்தை மேம்பாட்டுக் கணக்கைத் தள்ளிப்போட வேண்டாம். 2023 பிப்ரவரி 14 முதல் பிறந்த குடிமக்கள் குழந்தைகளுக்கு அதில் அரசாங்கம் குறைந்தது 5,000 வெள்ளி போடுகிறது. நீங்கள் போடுவதற்கு ஈடாக, ஒரு வரம்பு வரை அதுவும் போடுகிறது.

படி 7: மசேநி நியமனத்தை இன்றே செய்யுங்கள்

உங்களுக்குப் பின் மசேநிப் பணம் யாருக்கு என்று எழுதிவைப்பதே நியமனம். நம் மக்கள் அதிகம் தள்ளிப்போடுவது இதைத்தான். இறப்பைப் பற்றிப் பேசினால் அபசகுனம் என்று ஒதுக்கிவிடுகிறோம். பிள்ளைகளுக்காக எழுத வேண்டிய தாள் இது.

உயிலில் எழுதினாலும் மசேநிப் பணத்துக்கு அது செல்லாது. தனியாக நியமனம் வேண்டும். நியமனம் இல்லையென்றால் பணம் அரசாங்கப் பொது அறங்காவலரிடம் போய், சட்டப்படி பங்காகும். அந்தச் சட்டத்தில் மனைவியும் பிள்ளைகளும் இருந்தால் பாதி மனைவிக்கு, பாதி பிள்ளைகளுக்கு. பெற்றோருக்கு ஒன்றும் இல்லை. மாதாமாதம் 500 வெள்ளி அனுப்பி நீங்கள் தாங்கும் அம்மாவுக்கு ஏதாவது சேர வேண்டும் என்றால், அதை நீங்கள்தான் எழுதி வைக்க வேண்டும். நியமனம் இல்லாத முஸ்லிம் குடும்பங்களுக்கு இஸ்லாமிய வாரிசுச் சட்டப்படி பங்கு பிரியும்.

திருமணத்துக்கு முன் பெற்றோர் பெயரில் நியமனம் செய்திருந்தீர்களா? திருமணமானதும் அது தானாக ரத்தாகிவிட்டது. புதிதாகச் செய்ய வேண்டும். மணமுறிவு அப்படி எதையும் ரத்து செய்யாது. முன்னாள் துணைவரின் பெயர் அப்படியே நிற்கும்.

மசேநி இணையத்தளத்தில் சிங்பாஸ் மூலம் நுழைந்து, யாருக்கு எத்தனை விழுக்காடு என்று குறிப்பிடுங்கள். கூட்டினால் 100 வர வேண்டும். 21 வயது நிரம்பிய இரண்டு சாட்சிகள் தேவை. பணம் பெறுபவர் சாட்சியாக இருக்க முடியாது என்பதால், மனைவிக்கு எழுதினால் மனைவியைச் சாட்சியாகப் போடாதீர்கள். நண்பரையோ பக்கத்து வீட்டாரையோ கேளுங்கள். சாட்சிகளும் தங்கள் சிங்பாஸ் வழியாக ஒப்புதல் தந்தால்தான் நியமனம் முடிவடையும். ஆகவே அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து, செய்துவிட்டார்களா என்று திரும்பக் கேளுங்கள். சார்ந்திருப்போர் பாதுகாப்புத் திட்டத் தொகை இந்த நியமனத்தில் அடங்காது. அதற்குக் காப்புறுதி நிறுவனத்திடம் தனியாக நியமனம் கொடுக்க வேண்டும்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் வங்கிகளின் பெயர், காப்புறுதிப் பத்திர எண்கள், கடன் முடியும் ஆண்டு, நியமனம் செய்த தேதி ஆகியவற்றை எழுதுங்கள். கடவுச்சொற்களை எழுத வேண்டாம். பிள்ளைகளில் மூத்தவர் பெரியவராகியிருந்தால், நோட்டு எந்த இழுப்பறையில் இருக்கிறது என்று அவரிடமும் சொல்லிவிடுங்கள்.