யூஹெச்டி 630-ஐ ப்ராக்ஸ்மாக்ஸ் விஎம்முக்குக் கொடுப்பது

என் வீட்டு சர்வர், ஐ5-8500 போட்ட பழைய ஆபீஸ் டெஸ்க்டாப். ஒரே கணினியில் பல மெய்நிகர் கணினிகளை (விஎம்) ஓட்டும் ப்ராக்ஸ்மாக்ஸ் அதில் இருக்கிறது. சிப்பிலேயே உள்ள யூஹெச்டி 630 கிராஃபிக்ஸை, வீடியோ சர்வரான ஜெல்லிஃபின் ஓடும் டெபியன் லினக்ஸ் விஎம்மிடம் விட்டிருக்கிறேன். ஒரே கிராஃபிக்ஸைப் பல சர்வீஸ்கள் பகிர வேண்டுமென்றால் இந்த வழி வேண்டாம், ப்ராக்ஸ்மாக்ஸின் கர்னலையே பகிரும் எல்எக்ஸ்சி கன்டெய்னரே போதும். எனக்கு ஜெல்லிஃபின் தனி கர்னலோடு ஒதுங்கி இருக்க வேண்டும், அதனால் பாஸ்த்ரூ, அதாவது சாதனத்தை முழுதாக விஎம்மிடமே கொடுப்பது.

இதைச் செய்தபின் ஹோஸ்ட்டின் (ப்ராக்ஸ்மாக்ஸ் ஓடும் அசல் கணினியின்) மானிட்டரில் எதுவும் தெரியாது. ஆகவே முதலில் வேறொரு கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் போகிறதா, பிரவுசரில் ப்ராக்ஸ்மாக்ஸின் 8006 போர்ட் திறக்கிறதா என்று பாருங்கள். விஎம் தானாக ஸ்டார்ட் ஆவதையும் அணைத்து வையுங்கள்.

பயாஸில், சாதனங்களை விஎம்முக்குக் கொடுக்க உதவும் விடி-டி ஆனில் இருக்க வேண்டும். சிபியூ மெய்நிகராக்கத்துக்கான விடி-எக்ஸ் வேறு, இது வேறு. அப்புறம் கிரப் (பூட் லோடர்) கோப்பின் கர்னல் வரியில் இன்டெல் ஐஓஎம்எம்யூவை (சாதனங்களின் மெமரி அணுகலைப் பிரித்து வைக்கும் வசதி) ஆன் செய்து, அப்டேட்-கிரப் ஓட்டுங்கள். இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை மேல் யூஇஎஃப்ஐயில் நிறுவியிருந்தால் பூட் செய்வது சிஸ்டம்டி-பூட் என்ற வேறு பூட் லோடராக இருக்கலாம். அப்படியானால் கிரப்பை எவ்வளவு திருத்தினாலும் பலனில்லை; அங்கே கர்னல் வரி இருக்கும் சிஎம்டிலைன் கோப்பைத் திருத்தி, ப்ராக்ஸ்மாக்ஸ்-பூட்-டூலில் ரெஃப்ரெஷ் கொடுங்கள்.

அடுத்தது ஹோஸ்ட் அந்தச் சாதனத்தைத் தொடாமல் தடுப்பது. இதில்தான் பலருக்கும் நேரம் போகிறது. இன்டெல் உள்கிராஃபிக்ஸின் முகவரி 00:02.0. சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை -nn உடன் ஓட்டினால், அந்த வரியில் 8086 என்று தொடங்கும் ஜோடி எண் இருக்கும். சாதனத்தை விஎம்முக்காகப் பிடித்து வைக்கும் விஎஃப்ஐஓ-பிசிஐ டிரைவருக்கு அதைக் கொடுத்து, வழக்கமான கிராஃபிக்ஸ் டிரைவரான ஐ915-ஐ ஹோஸ்ட்டில் பிளாக்லிஸ்ட் (தானாக லோட் ஆகாமல் தடை) செய்யுங்கள். இன்டெல் ஹெச்டி ஆடியோ டிரைவரையும் சேர்த்தே பிளாக்லிஸ்ட் செய்துவிடுங்கள். ஹெச்டிஎம்ஐ ஒலிக்காக அது ஐ915-ஐக் கையோடு இழுத்து வரக்கூடும். இனிட்ராம்எஃப்எஸ்ஸை (பூட்டின் தொடக்கத்தில் லோட் ஆகும் கோப்புத் தொகுப்பு) புதுப்பித்து ரீபூட் செய்தபின் மறுபடி எல்எஸ்பிசிஐ, இம்முறை -k உடன். பயன்பாட்டில் உள்ள டிரைவர் என்ற வரியில் விஎஃப்ஐஓ-பிசிஐ என்று வந்தால் சரி. இன்னும் ஐ915 நின்றால் விஎம் பக்கமே போகாதீர்கள், இதை முதலில் தீருங்கள்.

விஎம் அமைப்பில் கியூ35 மெஷின் வகையையும், ஓவிஎம்எஃப் (யூஇஎஃப்ஐ) பயாஸையும் தேர்ந்தெடுங்கள். ஹார்டுவேர் பக்கத்தில் பிசிஐ சாதனமாக 00:02.0-ஐச் சேருங்கள். பிரைமரி ஜிபியூ டிக் வேண்டாம். டிரான்ஸ்கோடிங்குக்கு (வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றுவது) திரை தேவையில்லை, வழக்கமான டிஸ்ப்ளே இருந்தால் கன்சோலும் கையில் இருக்கும். விஎம்முக்கு ஒதுக்கிய ரேம் முழுவதும் பூட்டப்பட்டுவிடும், பலூனிங்கை (பயன்படாத ரேமை ஹோஸ்ட் திரும்ப எடுக்கும் வசதி) நம்பி ரேமைத் தாராளமாக எழுதாதீர்கள்.

டெபியனின் ஜெனரிக்கிளவுட் (genericcloud) இமேஜை எடுத்திருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: அதன் கர்னலில் ஐ915 கிடையாது. பாஸ்த்ரூ சரியாக இருந்தும், கிராஃபிக்ஸை ஜெல்லிஃபின் அணுகும் ரெண்டர்டி128 என்ற சாதனக் கோப்பு விஎம்முக்குள் தோன்றாது. வழக்கமான கர்னலைப் போட்டு, கிளவுட் கர்னலை நீக்கி, ரீபூட் செய்யுங்கள்.

பிறகு ஜெல்லிஃபின் யூசரை ரெண்டர் குரூப்பில் சேர்த்து, டாஷ்போர்டில் குயிக்சிங்க்கை (இன்டெல் கிராஃபிக்ஸின் வீடியோ முடுக்க வசதி) தேர்ந்தெடுங்கள். 10 பிட் ஹெச்இவிசி வீடியோ டிகோடிங்கை இந்த சிப் செய்யும். ஏவி1 வடிவத்தைச் செய்யாது, அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.