மலைச்சரிவில் மழைத்தோட்டம்: இடம் பார்ப்பதிலிருந்து இரண்டாம் ஆண்டு வரை

கூரையிலிருந்து வரும் மழைநீரைப் பள்ளமான பாத்தியில் சற்று நேரம் நிறுத்தி மண்ணுக்குள் இறக்கும் செடித்தோட்டம்தான் மழைத்தோட்டம். சமவெளியில் அதைப் போடுகிறவர்கள் எவ்வளவு தண்ணீரை மண்ணுக்குள் இறக்கலாம் என்று கணக்குப் போடுவார்கள். நீலகிரியில் அதற்கு முன்பே ஒரு கேள்வி இருக்கிறது: இந்த இடத்தில் தண்ணீரை இறக்கலாமா, கூடாதா? 2009 நவம்பர் மழையில் குன்னூர், கேத்தி பக்கம் மண் சரிந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஊறிய மண் கனக்கும், பிடிப்பையும் இழக்கும். ஆகவே செடியைப் பற்றிப் பேசுவதற்கு முன் இடத்தைப் பாருங்கள்.

ஒரு மீட்டர் நீளப் பலகையைச் சரிவின் போக்கில் வைத்து, ரசமட்டம் பார்த்து நேராக்குங்கள். பலகையின் கீழ்நுனிக்கும் தரைக்கும் இடைவெளி 12 செ.மீ.க்கு மேல் இருந்தால் அங்கே குழி வேண்டாம். மண்ணை வெட்டி எடுத்த விளிம்பு, ஒரு வீட்டுக்கு நேர் மேலே உள்ள மேடு, செப்டிக் டேங்க் பக்கம் ஆகியவையும் வேண்டாம். தடுப்புச்சுவருக்கு மேற்பக்கம் என்றால், சுவரின் உயரத்தைப் போல குறைந்தது இரண்டு மடங்கு தள்ளிப் போங்கள். கட்டட அஸ்திவாரத்திலிருந்து 3 மீட்டர் விடுங்கள். பள்ளி மைதானத்தின் தாழ்ந்த ஓரம், நூலக முற்றம், ஊராட்சி அலுவலக வளாகம் போன்ற சமதளங்களே நல்லவை. மற்றவர்களுக்குக் காட்டும் மாதிரித் தோட்டம் என்பதால், நாலு பேர் வந்து பார்க்கவும் வசதி. செங்குத்தான இடம்தான் இருக்கிறது என்றால் குழி வெட்டாமல், சரிவுக்குக் குறுக்கே வரிசை வரிசையாகப் புல்லும் புதரும் மட்டும் நடுங்கள். அதுவும் நல்ல மாதிரித் தோட்டம்தான்.

இடம் சரியென்றால் மண் தண்ணீரைக் குடிக்கிறதா என்று பாருங்கள். 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழத்தில் குழி எடுத்து, தண்ணீர் நிரப்பி முழுதும் வடியவிடுங்கள். மறுபடி நிரப்பி அளவுகோலை நட்டு வையுங்கள். இரண்டாம் முறை இறங்கும் வேகம்தான் உண்மையான கணக்கு. மணிக்கு 2.5 செ.மீ. இறங்கினால் போதும். அதற்கும் குறைவென்றால் கீழே இறுகிய செம்மண் களி இருக்கிறது; வேறு மூலையில் பாருங்கள்.

அளவுக்கு ஒரு உதாரணம். 40 சதுர மீட்டர் கூரையில் 25 மி.மீ. மழை பெய்தால், சிதறல் போக ஏறக்குறைய 900 லிட்டர் குழாய் வழியே இறங்கும். 4 மீட்டருக்கு 1.5 மீட்டர் அடித்தளம் உள்ள பாத்தியில் 15 செ.மீ. தண்ணீர் நின்றால் அதே 900 லிட்டர். பாத்தியின் நீளப்பக்கம் சரிவுக்குக் குறுக்கே இருக்கட்டும். பெருமழையை முழுதும் பிடித்துவைக்க நினைக்காதீர்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது, அதற்கு எந்தப் பாத்தியும் ஈடுகொடுக்காது. வழிந்தோடும் வாய்தான் இந்தத் தோட்டத்தின் உயிர்.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, மண் காய்ந்திருக்கும்போது கையாலேயே தோண்டுங்கள். ஈரத்தில் தோண்டினால் மண்வெட்டி களியைப் பூசி மெழுகிவிடும், பிறகு தண்ணீர் இறங்காது. மேலே உள்ள கறுப்பு மண்ணைத் தனியாகக் குவித்து வையுங்கள். 45 செ.மீ. ஆழம் எடுத்து, அடியைக் கடப்பாரையால் குத்திக் கிளறி, கறுப்பு மண் 3 பங்கு, கழுவிய பெருமணல் 2 பங்கு, நன்றாக மக்கிய உரம் 1 பங்கு கலந்து 30 செ.மீ. நிரப்புங்கள். சுமார் 1.8 கன மீட்டர் கலவை வேண்டும். மக்காத சாணம் போட்டால் புழு பெருகும், புழுவைத் தேடிக் காட்டுப்பன்றி வந்து ஒரே இரவில் பாத்தியை உழுதுவிடும்.

தோண்டிய செம்மண்ணால் தாழ்ந்த பக்கம் கரை கட்டுங்கள். 15 செ.மீ. அடுக்காகப் போட்டு ஒவ்வொன்றையும் திம்மிசு கட்டையால் இடியுங்கள். கரையின் மேலகலம் 30 செ.மீ. இருக்கட்டும். பாத்தி மண்ணிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் வழிவாய் வெட்டிக் கல் பதியுங்கள். கரை அதைவிட இன்னும் 10 செ.மீ. உயரமாக இருக்க வேண்டும். இந்த 10 செ.மீ. இல்லாவிட்டால் தண்ணீர் கரைமேல் ஏறி அதை அறுத்துக்கொண்டு போகும். வழிந்த நீர் ஏற்கெனவே உள்ள கல் வாய்க்காலில் சேரட்டும், பக்கத்து வீட்டுக்காரர் தோட்டத்தில் அல்ல. குழாய் விழும் இடத்தில் இரண்டு கை அகலத்துக்குக் கல் பரப்புங்கள்.

இனி செடி. பாத்தியின் அடி, மழையில் ஒரு நாள் நீரில் நிற்கும், ஜனவரி முதல் மார்ச் வரை காய்ந்து கிடக்கும். இரண்டையும் தாங்குவது ஓடைக்கரைக் கோரைகளும் பெரணிகளும்: கேரெக்ஸ், ஜங்கஸ், நிழல் விழும் பக்கம் ஆஸ்முண்டா. 30 செ.மீ. இடைவெளியில் ஏறக்குறைய 60 நாற்று பிடிக்கும். தோடர்கள் கோயில் கூரை வேயும் புல்லும் சதுப்பில் வளர்வதுதான். அந்தச் சதுப்புகள் வடிக்கப்பட்டுக் காய்கறித் தோட்டமாகிவிட்ட இடங்களில், இந்தச் சிறு ஈரப்பாத்திக்கும் ஒரு மதிப்பு உண்டு. கரையின் உட்சரிவில் கிரைசோபோகன், தெமேடா போன்ற புல்வெளிப் புற்கள், மஞ்சள் பூ பூக்கும் ஹைப்பெரிக்கம், ஊதா ஆஸ்பெக்கியா. கரைக்கு வெளியே தவிட்டுப்பழம், ஊசிக்கலா. காட்டு நாவல், காட்டுப்பூவரசு போன்ற மரங்களைப் பாத்தியிலிருந்து 3 மீட்டர் தள்ளி நடுங்கள்; கரையில் நட்டால் வேர் கரையைப் பிளக்கும்.

குறிஞ்சியை எல்லோரும் கேட்பார்கள். நீர் தேங்கும் அடியில் வைத்தால் அழுகிவிடும். வெயில் விழும் மேட்டில், வடிகால் நன்றாக உள்ள இடத்தில் வையுங்கள். 2018-ல் பூத்தது, அடுத்தது 2030. பூத்து விதைத்ததும் செடி பட்டுப்போகும் என்பதால் அந்த இடத்துக்குப் புல்லும் கலந்து நடுங்கள். நாற்றுகளை உள்ளூர்ச் சோலை (மலைக்காட்டு) நாற்றங்காலிலிருந்தே வாங்குங்கள். காட்டிலிருந்து பிடுங்கி வருவது சட்டப்படி குற்றம். அப்படி வந்த செடி பிழைப்பதும் அரிது.

ஜூன் முதல் ஜூலைக்குள் நட்டுவிடுங்கள். அக்டோபரில் நட்டால் வேர் பிடிப்பதற்குள் உறைபனி வந்துவிடும், ஊட்டிப் பக்கம் முக்கியமாக. டிசம்பர் தொடங்கியதும் திறந்த வெளியில் நிற்கும் சோலை மரக்கன்றுகளை மாலையில் மிலார் (தழைக்குச்சிகள்) கொண்டு மூடி, வெயில் ஏறியதும் திறந்துவிடுங்கள். முதல் இரண்டு குளிர்காலம் மட்டும் இதைச் செய்தால் போதும்.

மூடாக்குக்கு 5 செ.மீ. காய்ந்த இலை போதும். ஆனால் சீகை (வாட்டில்) மரத்தடிச் சருகு வேண்டவே வேண்டாம். அதிலுள்ள விதை பல ஆண்டுகள் மண்ணில் உறங்கி முளைக்கும். கிகுயு புல் இருந்த நிலமென்றால் நடுவதற்கு முன்பே 30 செ.மீ. ஆழம்வரை தண்டுகளைப் பொறுக்கி எடுங்கள். விரல் நீளத் துண்டு ஒன்று தப்பினாலும் ஒரே மழைக்காலத்தில் கோரை மூடிப்போகும். அழகுக்காக யாராவது வெள்ளைக் கால்லா லில்லி கொண்டுவந்தால் அன்பாக மறுத்துவிடுங்கள். ஓடைகளை அடைத்துக்கொண்டிருப்பதில் அதுவும் ஒன்று.

இரண்டு நாளுக்கு மேல் தண்ணீர் நின்றால் மேலே வண்டல் படிந்திருக்கிறது, அல்லது யாரோ உள்ளே மிதித்திருக்கிறார்கள். மேல் 5 செ.மீ. மண்ணை வழித்தெடுத்துப் புதுக் கலவை போடுங்கள். ஒவ்வொரு பருவமழைக்கு முன்பும் வழிவாயில் சருகு அடைத்திருக்கிறதா, கரையில் எலி வளை விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பெயர்ப்பலகையில் தமிழ்ப் பெயரோடு படுகர், தோடர், கோத்தர் பெரியவர்களிடம் கேட்டு அவர்கள் சொல்லும் பெயரையும் எழுதுங்கள். பாத்தி நடுவில் செ.மீ. கோடு போட்ட ஒரு கம்பை நடுங்கள். மழை விட்டதும் எத்தனை செ.மீ. நின்றது, எத்தனை மணி நேரத்தில் வடிந்தது என்று பள்ளிப் பிள்ளைகள் நோட்டில் குறித்துவரட்டும். வடியும் நேரம் கூடிக்கொண்டே போனால், வண்டலை வழிக்கும் நேரம் வந்துவிட்டது.